காலிப் படுக்கைக்கும் கணக்கு உண்டு!

மாலை ஆறரை மணி. ஓசூர் ரோட்டில் லாரிகள் நகர முடியாமல் நிற்கும் நேரம். ரோட்டை ஒட்டிய அந்த ஆஸ்பத்திரியில், பணம் கட்டும் கவுண்டர் முன்னால் பன்னிரண்டு பேர் வரிசையில் நிற்கிறார்கள். ஏழாவதாக நிற்பவர் ஊத்தங்கரைப் பக்கத்துக் கொத்தனார். மனைவிக்குப் பித்தப்பையில் கல். ஆபரேஷன் முடிந்து நாலாவது நாள். "வீட்டுக்குப் போகலாம்" என்று டாக்டர் காலை பத்து மணிக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். பில் வந்தது சாயங்காலம்தான்.

கவுண்டரில் இருந்த இளைஞர் முதலில் கன்னடத்தில் பேசினார். கொத்தனார் திணறுவதைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார். அவ்வளவுதான், அதுவரை "சார், சார்" என்று கொண்டிருந்தவர் "தம்பி" என்று ஆரம்பித்துவிட்டார்.

"ஏன் தம்பி, பெட் சார்ஜ் மட்டும் இவ்வளவு போட்டிருக்கீங்க? ஒரு கட்டில், ஒரு மெத்தை, ஒரு தலகாணி. இதுக்கு ஒரு நாளைக்கு உங்களுக்கு என்னதான் செலவாகும்?"

இளைஞரால் பதில் சொல்ல முடியவில்லை. "எனக்குத் தெரியாதுண்ணே. கம்ப்யூட்டர்ல என்ன வருதோ அதான்" என்றார். கொத்தனார் வெளியே போய் மேஸ்திரிக்குப் போன் போட்டார். ஒன்பது மணிக்கு மேஸ்திரி பணத்தோடு வந்த பிறகுதான் அந்த அம்மாள் ஆட்டோவில் ஏற முடிந்தது.

இது நடந்தது 2016-ல். கவுண்டரில் இருந்தவர் திருப்பத்தூரில் பி.காம். முடித்து, பெங்களூருக்கு வேலை தேடி வந்தவர். தம் பெயரையும் ஆஸ்பத்திரியின் பெயரையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆறு வருடம் ஆயிரக்கணக்கான பில்களைக் கிழித்துக் கொடுத்தவருக்கு, ஒரு படுக்கைக்கு என்ன செலவு என்பது தெரியவில்லை! மறுநாள் கணக்குப் பிரிவில் இருந்த பெரியவரைக் கேட்டார். அவருக்கும் தெரியவில்லை.

"பக்கத்து ஆஸ்பத்திரியில என்ன வாங்குறாங்கன்னு ஆள் விட்டுப் பார்த்து, அதுல நூறு ரூபாய் குறைச்சு வச்சாங்கப்பா" என்றாராம் பெரியவர்.

பக்கத்துக் கடை விலை

சிரிக்க வேண்டாம். நம் நாட்டுச் சின்ன ஆஸ்பத்திரிகள் பலவற்றில் கட்டணம் நிர்ணயிக்கும் முறை நெடுங்காலம் இதுதான். டீக்கடைக்காரருக்குக்கூட ஒரு டீக்குப் பால் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று தெரியும். ஆஸ்பத்திரிக்கு மட்டும் தெரியாது. காரணம், அங்கே செலவில் பெரும்பகுதி கண்ணுக்கு முன்னால் தெரிவதில்லை.

நர்ஸ் சம்பளம், டாக்டர் சம்பளம், லிப்ட், ஜெனரேட்டர், ஆக்ஸிஜன் குழாய், துணி வெளுக்கும் கூடம், வாங்கிய மெஷின்களின் தேய்மானம், பாங்குக் கடனுக்கு வட்டி எல்லாம் நோயாளி வந்தாலும் ஆகும், வராவிட்டாலும் ஆகும். கணக்குப் படித்தவர்கள் இவற்றை மாறாச் செலவு என்பார்கள். மருந்து, ஊசி, பஞ்சு, சாப்பாடு ஆகியவை நோயாளி வந்தால் மட்டும் ஆகும் செலவு. இவை மாறும் செலவு. ஒரு ஆஸ்பத்திரியில் முதல் வகைதான் மலை. இரண்டாவது வகை மடு.

திருப்பத்தூர் இளைஞர் அந்த வருடமே ஞாயிறுதோறும் நடக்கும் ஒரு வகுப்பில் சேர்ந்தார். முதல் நாள் பாடமே அவரைத் தூங்கவிடவில்லை. கரும்பலகையில் வாத்தியார் எழுதிய உதாரணக் கணக்கு இது:

நூறு படுக்கை உள்ள ஆஸ்பத்திரி. மாறாச் செலவு நாளொன்றுக்கு 2 லட்சம் ரூபாய். ஒரு நோயாளிக்கு மாறும் செலவு 800 ரூபாய். வசூலிப்பது நாளொன்றுக்கு 3,500 ரூபாய். படுக்கையில் ஐம்பது நிரம்பினால் ஒரு நோயாளியின் தலையில் விழும் மாறாச் செலவு 4,000. மொத்தச் செலவு 4,800. ஆளுக்கு 1,300 நஷ்டம், ஐம்பது பேருக்கு 65,000 நஷ்டம். அதே ஆஸ்பத்திரியில் எண்பது படுக்கை நிரம்பினால் தலைக்கு 2,500, மொத்தம் 3,300. இப்போது ஆளுக்கு 200 லாபம்! கட்டணம் ஒரு பைசா கூடவில்லை. சம்பளம் ஒரு பைசா குறையவில்லை.

"படுக்கைக்கு என்ன செலவு?" என்ற கொத்தனாரின் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது என்பது அவருக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. பக்கத்துப் படுக்கையில் ஆள் இருக்கிறாரா என்பதைப் பொறுத்து இருக்கிறது பதில்.

ரயில்வேயில் வேலை செய்பவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. காட்பாடியைத் தாண்டிவிட்ட ரயிலில் காலியாகக் கிடக்கும் பெர்த்தை மறுநாள் விற்க முடியாது. என்ஜினும் ஓடித்தான் ஆக வேண்டும், கார்டும் போய்த்தான் ஆக வேண்டும். ஆஸ்பத்திரிப் படுக்கையும் அப்படித்தான். நேற்று ராத்திரி காலியாகக் கிடந்தது போனது போனதுதான்.

ஏழைக்கு இடம் எங்கே?

இதே கணக்கில் இன்னொரு வாசலும் இருக்கிறது. அன்றைக்கு இருபது படுக்கை காலி. 1,500 ரூபாய்க்கு மேல் தர முடியாத ஒருவர் வருகிறார். பில் போடும் குமாஸ்தா என்ன சொல்வார்? "3,300 செலவாகும் இடத்தில் 1,500-ஆ? கட்டுப்படியாகாது" என்பார். கணக்கு தெரிந்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். காலிப் படுக்கையில் அவரைச் சேர்ப்பதால் கூடுதலாக ஆகும் செலவு 800 மட்டுமே. மீதி 700 ரூபாய் மாறாச் செலவைக் கொஞ்சம் தாங்கும். திருப்பி அனுப்பினால் அந்த 700-ம் போச்சு, நோயாளியும் போனார்!

ஆனால் இதை எல்லோருக்கும் செய்தால் ஆஸ்பத்திரியை மூடிவிட வேண்டியதுதான். முழுக் கட்டணம் கட்டுபவர்கள் போதுமான அளவுக்கு இருக்க வேண்டும். அந்த அளவு எது என்று கண்டுபிடிப்பதுதான் ஆஸ்பத்திரி நிதி நிர்வாகம் என்னும் படிப்பின் நடுநாயகம். இரக்கம் வேறு, கணக்கு வேறு என்று நினைப்பவர்கள் மதுரைக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

மதுரையில் பதினோரு படுக்கை

அரசாங்க உத்தியோகத்திலிருந்து 58-வது வயதில் ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி, 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கியது அரவிந்த் கண் ஆஸ்பத்திரி. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர் அவர். அந்த விரல்களாலேயே கத்தி பிடித்தவர். வீட்டை அடமானம் வைத்தார்கள், நகைகளும் போயின. தங்கையும் மைத்துனரும் தம்பியும் என்று குடும்பமே உள்ளே இறங்கியது.

காசு கட்ட முடிந்தவர் கட்டுவார். முடியாதவருக்கு இலவசம் அல்லது மிகக் குறைந்த கட்டணம். எந்த வாசலில் நுழைவது என்பதை நோயாளியே தீர்மானிக்கலாம். சம்பளச் சீட்டைக் காட்டு, தாசில்தார் சர்ட்டிபிகேட் கொண்டு வா என்ற பேச்சே இல்லை. அங்கே நடக்கும் ஆபரேஷன்களில் பாதிக்கு மேல் இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ நடப்பவை. அப்படியிருந்தும் நன்கொடையை எதிர்பார்த்து அன்றாடம் ஓட்டும் நிலைமை அதற்கு வரவில்லை!

இது எப்படி முடிந்தது? ஒரு கண் ஆபரேஷனில் அதிக விலையுள்ள பொருள் டாக்டரின் நேரம். அதை வீணாக்கக் கூடாது என்பதுதான் அங்கே கணக்கு. ஆபரேஷன் கூடத்தில் இரண்டு மேஜைகள் அடுத்தடுத்து இருக்கும். ஒன்றில் சர்ஜன் வேலை செய்யும்போதே அடுத்ததில் நோயாளி தயாராகப் படுத்திருப்பார். முடிந்ததும் மைக்ராஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்ப வேண்டியதுதான் பாக்கி. சொட்டு மருந்து விடுவது, கண்ணளவு பார்ப்பது, கட்டுப் போடுவது முதலிய வேலைகளை, கிராமத்திலிருந்து வந்து அங்கேயே பயிற்சி பெற்ற பெண்கள் செய்துவிடுகிறார்கள். டாக்டருக்கும் கூடத்துக்கும் ஆகும் அதே மாறாச் செலவு பல மடங்கு நோயாளிகள் மேல் பரவுகிறது.

கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் அப்போது வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. அந்த விலைக்கு இலவசம் என்பது கனவு. 1992-ல் 'அரோலேப்' என்று சொந்தத் தொழிற்சாலையை ஆரம்பித்து, இறக்குமதி விலையில் ஒரு சிறு பங்குக்கு லென்ஸ் செய்யத் தொடங்கினார்கள். அதே 1992-ல் 'லைக்கோ' என்ற பயிற்சி நிலையமும் வந்தது. மற்ற ஆஸ்பத்திரிகளின் டாக்டர்களும் மேனேஜர்களும் அங்கே போய்க் கணக்கையும் நிர்வாகத்தையும் கற்றுக்கொள்கிறார்கள். வடநாட்டிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் ஆட்கள் மதுரைக்கு வந்து கண் ஆஸ்பத்திரிக் கணக்கைப் படித்துப் போகிறார்கள் என்பது நம்மவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? வெங்கடசாமி 2006-ல் காலமானார்.

மாதக் கடைசியில் அல்ல, மறுநாளே!

பெங்களூரிலும் ஒரு பாடசாலை இருக்கிறது. பொம்மசந்திராவில் டாக்டர் தேவி ஷெட்டி தொடங்கிய நாராயண ஹிருதயாலயா. இருதய ஆபரேஷனை அதிக எண்ணிக்கையில் செய்து, ஒவ்வொன்றின் செலவையும் குறைப்பது என்ற கொள்கையில் வளர்ந்தது. முந்தின நாள் வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்ற கணக்கு மறுநாளே டாக்டர்களுக்கும் மேனேஜர்களுக்கும் செல்போனில் எஸ்.எம்.எஸ்.ஸாகப் போகும் பழக்கத்தால் அது பெயர் பெற்றது. மாதம் முடிந்து பத்து நாள் கழித்து வரும் லாப நஷ்டக் கணக்கால் யாருக்கு என்ன பிரயோஜனம்? நோயாளி போன பிறகு வரும் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் மாதிரிதான் அது.

யசஸ்வினி திட்டத்துக்கும் இதில் பங்கு உண்டு. கூட்டுறவுச் சங்க விவசாயிகளுக்காகக் கர்நாடக அரசு 2003-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது அது. ஆரம்பத்தில் தலைக்கு வருடம் 60 ரூபாய்தான். முதல் வருடமே 15 லட்சம் பேருக்கு மேல் சேர்ந்தார்கள். அதன் பின்னால் இருந்ததும் காலிப் படுக்கைக் கணக்குதான். காலியாகக் கிடக்கும் ஆபரேஷன் கூடங்களை, குறைந்த கட்டணத்தில் வரும் நிறைய நோயாளிகளைக் கொண்டு நிரப்பலாம் என்பதே யோசனை. 2018-ல் வேறு திட்டத்தோடு சேர்க்கப்பட்டு, 2022-ல் மறுபடி உயிர் பெற்றது.

ஸ்டென்ட் சொன்ன சேதி

செலவைச் சரியாகப் பிரித்துப் பார்க்காத ஆஸ்பத்திரிகளுக்கு 2017 பிப்ரவரியில் ஒரு அடி விழுந்தது. இருதய ரத்தக் குழாயில் வைக்கும் ஸ்டென்டுக்கு மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் உச்ச விலை விதித்தது. சாதாரண ஸ்டென்ட் 7,260 ரூபாய், மருந்து பூசியது 29,600 ரூபாய். அதுவரை மருந்து பூசிய ஸ்டென்டுக்கு நோயாளிகள் லட்சக்கணக்கில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதே வருடம் ஆகஸ்டில் முழங்கால் மூட்டுக்கும் விலைக் கட்டுப்பாடு வந்தது.

நோயாளிக்கு நல்ல சேதி. ஆனால் ஸ்டென்டில் வந்த லாபத்தை வைத்து அவசர சிகிச்சைப் பிரிவின் நஷ்டத்தை மூடிக்கொண்டிருந்த இடங்களில் குழப்பம். எந்தப் பிரிவு தன் காலில் நிற்கிறது, எது அடுத்ததன் தோளில் தொங்குகிறது என்று முதல் தடவையாகக் கணக்குப் பார்க்க வேண்டி வந்தது. திருப்பத்தூர் இளைஞரின் படிப்பு அப்போதுதான் மேலே இருந்தவர்கள் கண்ணில் பட்டது. கவுண்டரிலிருந்து எடுத்து, உள்ளே உட்கார வைத்தார்கள்.

லாபம் உண்டு, சம்பளம் இல்லை

உள்ளே போனதும் அவர் கண்டது வேறொரு விசித்திரம். லாப நஷ்டக் கணக்கில் லாபம். ஆனால் ஒன்றாம் தேதி சம்பளம் போடப் பாங்கில் பணம் இல்லை! பணம் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. இன்னும் வரவே இல்லை.

இன்றைக்கு ஆஸ்பத்திரி பில்களைப் பல இடங்களில் நோயாளி கட்டுவதில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனி கட்டுகிறது, அல்லது அரசாங்கத் திட்டம் கட்டுகிறது. மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2018 செப்டம்பரில் வந்தது. சேர்ந்துள்ள குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை. தமிழ்நாட்டில் 2009-லும், புதிய வடிவில் 2012-லும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. இவற்றில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் முன்கூட்டியே ஒரு தொகை உண்டு. அதற்கு மேல் செலவானால் ஆஸ்பத்திரியின் தலையில். பில் அனுப்பி, அவர்கள் பார்த்து, பணம் வருவதற்குள் வாரங்கள் ஓடும். மாதங்களும் ஓடுவது உண்டு.

மாதம் 40 லட்ச ரூபாய்க்கு இப்படிப் பில் அனுப்பும் ஆஸ்பத்திரிக்குப் பணம் வர மூன்று மாதம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 கோடியே 20 லட்சம் எப்போதும் வெளியே நிற்கிறது. மருந்துக் கம்பெனியும் மின்சார வாரியமும் அதற்காகக் காத்திருப்பார்களா? பாங்கில் கடன் வாங்கி வட்டி கட்ட வேண்டியதுதான். அந்த வட்டி கடைசியில் யார் பில்லில் ஏறும் என்பதைச் சொல்ல வேண்டுமா? ரொக்கமாகக் கட்டும் கொத்தனார் பில்லில்தான்!

வராத பணத்தில் ஒரு பகுதி வரவே வராது. டிஸ்சார்ஜ் சீட்டில் டாக்டர் கையெழுத்து விட்டுப்போயிருக்கும். முன் அனுமதி வாங்கிய ஆபரேஷன் ஒன்று, செய்தது இன்னொன்றாக இருக்கும். உடம்பில் வைத்த பிளேட்டின் அட்டைப் பெட்டியில் இருக்கும் ஸ்டிக்கரைக் கிழித்து ஒட்டாமல் பெட்டியைக் குப்பையில் போட்டிருப்பார்கள். அந்த ஸ்டிக்கர் இல்லையென்றால் பிளேட்டுக்குப் பணம் இல்லை. இவை டாக்டர் வேலையும் அல்ல, மேனேஜர் வேலையும் அல்ல. குமாஸ்தா வேலை! ஒரு ஆஸ்பத்திரியின் உயிர் இப்படிப் பல நேரம் குமாஸ்தாவின் மேஜையில் இருக்கிறது. சம்பளம் மட்டும் அந்த அளவுக்கு ஏறவில்லை என்பது வேறு விஷயம்.

எங்கே படிப்பது?

டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரி நிர்வாகப் படிப்பை 1966-லேயே ஆரம்பித்துவிட்டது. அது டாக்டர்களுக்கு. மும்பை டாடா சமூக விஞ்ஞானக் கல்வி நிலையத்தில் ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் முதுகலைப் பட்டம் இருக்கிறது. 1984-ல் ஜெய்ப்பூரில் தொடங்கிய ஐ.ஐ.ஹெச்.எம்.ஆர். நிலையத்துக்கு 2004-லிருந்து பெங்களூரிலும் கல்லூரி உண்டு. எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம். இவற்றுக்கெல்லாம் பட்டம் வேண்டும், கட்டணமும் அதிகம்.

ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே கணக்கு எழுதுபவர்களுக்கு இன்னொரு வழி காஸ்ட் அக்கவுண்ட்ஸ். பிளஸ் டூ முடித்தவர்கள்கூட முதல் படியில் சேரலாம். வேலை பார்த்துக்கொண்டே எழுதலாம். ஒரு ரத்தப் பரிசோதனைக்கு என்ன செலவு, ஒரு டயாலிசிஸுக்கு என்ன செலவு என்று பிரித்துச் சொல்லத் தெரிந்த ஆளுக்கு இன்று கிராக்கி உண்டு. சர்ட்டிபிகேட் கொடுக்கிறேன் என்று பஸ் ஸ்டாண்டுச் சுவர்களில் நோட்டீஸ் ஒட்டும் இன்ஸ்டிட்யூட்டுகளில் பணத்தைக் கட்டும் முன் நன்றாக விசாரித்துக்கொள்வது நல்லது. அவற்றில் சில, ஆஸ்பத்திரி வாசலைக்கூட மிதிக்காமல் பாடத்தை முடித்துவிடுகின்றன.

பத்து மணி முதல் ஆறரை மணி வரை

திருப்பத்தூர் இளைஞர் உள்ளே உட்கார்ந்து முதலில் செய்தது பெரிய கணக்கு எதுவும் அல்ல. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வார்டு வார்டாக நடந்தார். டாக்டர் டிஸ்சார்ஜ் எழுதிய நேரம், நோயாளி வெளியே போன நேரம் இரண்டையும் குறித்தார். காலையில் எழுதினால் மாலையில்தான் போகிறார்கள். நடுவில் என்ன நடக்கிறது? மீந்த மருந்தை மருந்துக் கடைக்குத் திருப்ப ஆயா வர வேண்டும். அவர் சாப்பிடப் போயிருப்பார். லேபிலிருந்து ஒரு பரிசோதனையின் விலை ஏறவில்லை என்று பில் நிற்கும். டைப் செய்த டிஸ்சார்ஜ் சீட்டு டாக்டர் கையெழுத்துக்காகக் காத்திருக்கும். டாக்டர் ஆபரேஷன் கூடத்தில்!

அதுவரை படுக்கை அடைபட்டுக் கிடக்கிறது. கீழே அடுத்த நோயாளி ஸ்ட்ரெச்சரில் காத்திருக்கிறார். பன்னிரண்டு மணி தாண்டிவிட்டது என்று கம்ப்யூட்டர் தானாக இன்னொரு நாள் பெட் சார்ஜைப் போட்டுவிடுகிறது. ஊத்தங்கரைக் கொத்தனாரின் பழைய பில்லைத் தேடி எடுத்துப் பார்த்தார். அதிலும் ஒரு நாள் அப்படித்தான் ஏறியிருந்தது. ஆஸ்பத்திரியின் தாமதத்துக்கு அந்த மனிதர் வாடகை கட்டியிருக்கிறார்.

நிர்வாகத்திடம் அவர் கொண்டுபோன காகிதத்தில் இரக்கம் பற்றி ஒரு வரியும் இல்லை. ஒரு படுக்கை அரை நாள் முன்னால் காலியானால் மாதத்துக்கு எத்தனை நோயாளிகளைக் கூடுதலாகச் சேர்க்கலாம், அதில் மாறாச் செலவு எவ்வளவு தாங்கும் என்ற எண்கள் மட்டுமே இருந்தன. அதைப் படித்துவிட்டுத்தான் நிர்வாகம் அசைந்தது. முந்தின நாள் மாலையே மருந்தைத் திருப்புவது, டிஸ்சார்ஜ் சீட்டில் டாக்டர் ரவுண்ட்ஸிலேயே கையெழுத்துப் போடுவது, பில் தாமதத்தால் நேரம் தாண்டினால் அடுத்த நாள் வாடகை போடக் கூடாது என்று மூன்று உத்தரவுகள் வந்தன. மூன்றாவது உத்தரவுக்குத்தான் எதிர்ப்பு அதிகமாக இருந்ததாம்.

இப்போது அந்த ஆஸ்பத்திரியில் பெரும்பாலானவர்கள் மதியம் ஒன்றரை மணிக்குள் வெளியே வந்துவிடுகிறார்கள். ஊத்தங்கரைப் பக்கம் போகிறவர்களுக்குப் பகல் பஸ்ஸே கிடைத்துவிடுகிறது. அந்தக் கொத்தனாரின் பில்லில் இருந்த நம்பருக்கு இளைஞர் இரண்டு தடவை போன் செய்து பார்த்தார். அந்த எண் உபயோகத்தில் இல்லை.